ஆணுக்குக் கருவுறுதிறனா, கருவூட்டுதிறனா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மூலிகைச் சாரங்களும் (extract) ஆண்களின் பிள்ளைப்பேற்று வாய்ப்பும் குறித்த கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். காய்ந்த வேரைக் காய்ச்சி வடித்து உலர்த்திய தூளைச் சாறு என்று அழைக்க முடியாது. ஆகவே சாரம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பிள்ளை உண்டாக்கும் ஆணின் திறனுக்கும் (male fertility) அதில் வரும் குறைக்கும் என்ன சொல் என்பதில்தான் தடுமாற்றம்.

அந்தக் குறைக்கு 'ஆண்மைக் குறைவு' என்பதே மக்களுக்குப் பழகிய சொல் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பழகிய சொல்தான், ஆனால் பழகிய பொருள் வேறு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தொங்காட் அலி என்னும் மூலிகைப் பொட்டலம் கேட்பவருக்கு அது தாம்பத்திய உறவில் வரும் தளர்ச்சியைக் குறிக்கிறது. உறவில் எக்குறையும் இல்லாத ஒருவருக்கும் விந்தணுக்கள் குறைந்திருக்கலாம். பிள்ளைக்காக நான்கு ஆண்டுகளாகக் காத்திருக்கும் என் உறவுக்காரத் தம்பியிடம் வரைவைக் கொடுத்தேன். அவர் அந்தச் சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே மீதியைப் படித்தார். அன்றே அதை நீக்கிவிட்டேன்.

'ஆண் கருவுறுதிறன்' என்பதும் பொருந்தாது, ஆண் கருவுறுவதில்லை. உறுதல், ஊட்டுதல் என்ற வேறுபாட்டைத் தமிழே தரும்போது, பெண்ணுக்குக் கருவுறுதிறன் என்றும் ஆணுக்குக் கருவூட்டுதிறன் என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. செயற்கைக் கருவூட்டலோடு குழம்பும் என்று குழுவிலுள்ள அம்மையார் ஒருவர் அஞ்சுகிறார். அங்கே கருவூட்டல் ஒரு செயல். இங்கே 'திறன்' சேர்ந்தவுடன் அது உடலின் இயல்பைக் குறிப்பதால் மயக்கம் நேராது என்றே நினைக்கிறேன்.

சொல் தெளிந்தால் ஆய்வுகளையும் அளவோடு எழுதலாம். விந்தணு குறைந்த 46 ஆண்களைக் கொண்டு இந்தியாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அமுக்கரா (அசுவகந்தா) வேர்ச்சாரம் நாளொன்றுக்கு 675 மில்லிகிராம் வீதம் 90 நாள் கொடுக்கப்பட்டது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆவதால் அந்தக் கால அளவு பொருத்தமானதே. எண்ணிக்கை, அசைவு, விந்தின் அளவு மூன்றும் உயர்ந்ததாக அதில் காட்டினார்கள். இத்தனை சிறிய ஆய்வில் எண்ணிக்கை உயர்ந்ததைக் கொண்டு பிள்ளை பிறக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆகையால் கையேட்டில் 'விந்தணு எண்ணிக்கை உயர்ந்தது' என்று மட்டுமே எழுதுகிறேன். 'கருவூட்டுதிறன் கூடியது' என்று எழுத மாட்டேன்.

ஓர் இடர் மீதமிருக்கிறது. திறன் குறைந்த நிலையைக் 'கருவூட்டுதிறன் குறைவு' என்றுவிடலாம். முற்றிலும் இல்லாத நிலைக்கு 'மலடு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'கருவூட்டுதிறனின்மை' நாவில் தங்கவில்லை. 'கருவூட்டாமை' போதுமா, அல்லது அது விருப்பமின்றி விட்டதுபோல் ஒலிக்கிறதா என்று நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.