புதிய ஸ்டைல்ஷீட் போட்டதும் பழைய டேப்லெட்டுகளில் பக்கம் வெறும் எழுத்தாக வருகிறது – உதவி தேவை

மின்மினி:

வணக்கம். ஒரு நூலகத்தின் புத்தகத் தேடல் தளத்தை நான் பராமரிக்கிறேன். போன மாதம் அதன் ஸ்டைல்ஷீட்டை (பக்கத்தின் நிறம், அளவு, இடம் எல்லாவற்றையும் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பை) அடியோடு மாற்றி எழுதினேன். இனி எல்லோரும் இப்படித்தான் எழுதப்போகிறார்கள் என்று படித்ததை நம்பி, விதிகளை அடிப்படை, அமைப்பு, கூறுகள், திருத்தங்கள் என்று நான்கு லேயர்களாக, அதாவது எது எதை வெல்லும் என்ற வரிசையுள்ள அடுக்குகளாகப் பிரித்தேன். லேயருக்கு வெளியே ஒரு விதிகூடக் கிடையாது. என் மடிக்கணினியில் எல்லாம் அழகாக இருக்கிறது.

வாசகர்கள் தொட்டுத் தேடுவதற்காக நூலகத்தில் இரண்டு பழைய டேப்லெட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் ஆண்ட்ராய்டு 5, அதில் குரோம் 95. மற்றொன்று ஐஓஎஸ் 12 உள்ள ஐபேட். இரண்டிலும் நிறமும் இல்லை, கட்டமும் இல்லை. அடிக்கோடிட்ட நீல இணைப்புகள் மேலிருந்து கீழே நீளமாக இறங்குகின்றன, அவ்வளவுதான். தான்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து ஒரு மூதாட்டி நூலகரிடம் மன்னிப்புக் கேட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

செய்து பார்த்தவை: கேஷை அழித்தேன். கோப்பு முழுமையாக இறங்குகிறதா என்று பார்த்தேன், இறங்குகிறது. டெவலப்பர் கருவியில் டேப்லெட் அளவை வைத்துப் பார்த்தேன், அங்கே குறை எதுவும் தெரியவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் தாங்கும் வடிவமைப்பு வேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. எந்த வசதி நிலைக்கும், எது போய்விடும் என்பதை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது?

ஓரக்குறிப்பு:

டெவலப்பர் கருவி திரையின் அளவைத்தான் மாற்றிக் காட்டும். உள்ளே ஓடுவது உங்கள் மடிக்கணினியின் புதிய உலாவிதான், அதனால் அந்தச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

காரணம் லேயர்தான். அது குரோமில் 99ஆம் பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸில் 97இலும், சஃபாரியில் 15.4இலும் வந்தது. மூன்றும் 2022இன் தொடக்கத்தில். உங்கள் டேப்லெட்டுகள் இரண்டுமே அதற்கு முந்தியவை. தனக்குத் தெரியாத பண்பை (நிறம், அளவு போன்ற ஒன்றை) சந்தித்தால் உலாவி அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மேலே போகும். தெரியாத அட்-விதியை (லேயர் போல ‘@’ குறியோடு தொடங்கும் விதியை) சந்தித்தால் அதன் அடைப்புக்குறி மூடும் வரை உள்ளதையெல்லாம் தூக்கி எறிந்துவிடும். உங்கள் விதிகள் முழுவதும் அதற்குள்தானே இருக்கின்றன?

அடிப்படை விதிகளை லேயருக்கு வெளியே எடுத்துவிடுங்கள். பழைய உலாவிக்கு அதுவாவது கிடைக்கும்.

தறிக்காரன்:

காரணம் சரி. ஆனால் மருந்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ‘இம்பார்ட்டன்ட்’ குறி போடாத வரை, லேயருக்கு வெளியே உள்ள விதி லேயருக்குள் உள்ள விதியை வெல்லும், செலக்டரின் (விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதியின்) கனத்தை உலாவி பார்க்கவே பார்க்காது. அடிப்படை விதிகளை வெளியே எடுத்தால் பழைய டேப்லெட் பிழைத்துக்கொள்ளும், புதிய உலாவியில் அவை மற்ற மூன்று லேயர்களையும் அமுக்கிவிடும். நோய் இடம் மாறும், தீராது.

உங்களுக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. லேயரையே கைவிட்டு, கோப்பில் விதிகள் வரும் வரிசையையும் எளிய கிளாஸ்களையும் (உறுப்புகளுக்கு நாம் இடும் பெயர்களையும்) நம்புவது ஒன்று. லேயரோடு எழுதிவிட்டு, வெளியிடும்போது ஸ்டைல்ஷீட்டை மாற்றித் தரும் போஸ்ட்சிஎஸ்எஸ் கருவியின் லேயர் நீட்சியை ஓடவிடுவது மற்றொன்று. அது லேயர்களைக் கலைத்து, பக்கத்தில் எதற்கும் பொருந்தாத ஓர் ஐடியை ‘நாட்’ (இது அல்லாதவை) செலக்டருக்குள் வைத்துச் சேர்த்து, அதே முன்னுரிமையைச் செலக்டரின் கனத்தால் உண்டாக்கும். நான்கு லேயர் உள்ள சிறிய தளத்துக்கு முதல் வழியே போதும் என்பது என் கருத்து.

மின்மினி:

நன்றி அண்ணா. லேயரை எடுத்துவிட்டேன். நிறங்கள் திரும்பி வந்துவிட்டன, ஆண்ட்ராய்டில் கட்டங்களும் சரியாக நிற்கின்றன. ஐபேடில் மட்டும் புத்தக அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அட்டைகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் அமைப்பில் இடைவெளிக்குக் ‘கேப்’ கொடுத்திருக்கிறேன். அது தெரியாத உலாவிக்கு மார்ஜின் (வெளி ஓரம்) கிடைக்கட்டும் என்று, ஒரு வசதி தெரியுமா என உலாவியைக் கேட்கும் சப்போர்ட்ஸ் விதியும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ஐபேட் தனக்குக் கேப் தெரியும் என்றே பதில் சொல்கிறது!

ஓரக்குறிப்பு:

அது பொய் சொல்லவில்லை. சஃபாரி 12க்குக் கிரிட்டில் (கட்டங்களாக அடுக்கும் அமைப்பில்) கேப் தெரியும், ஃப்ளெக்ஸில் தெரியாது. நீங்கள் எழுதிய சப்போர்ட்ஸ் விதி பண்பையும் மதிப்பையும் மட்டுமே கேட்கும். எந்த அமைப்புக்குள் என்று கேட்க அதில் வழி இல்லை. ஃப்ளெக்ஸில் கேப் ஃபயர்ஃபாக்ஸ் 63இல் 2018ஆம் ஆண்டிலும், குரோம் 84இல் 2020ஆம் ஆண்டிலும், சஃபாரி 14.1இல் 2021ஆம் ஆண்டிலும் வந்தது.

மூன்று உலாவிகளிலும் இதற்குப் பின்னால் வந்த ஒரு பண்பைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ (அகல-உயர விகிதம்) குரோம் 88, ஃபயர்ஃபாக்ஸ் 89, சஃபாரி 15 ஆகியவற்றில் வந்தது. அதை அறிந்த உலாவிக்கு ஃப்ளெக்ஸ் கேப் நிச்சயம் தெரிந்திருக்கும். முதலில் அட்டைகளுக்கு மார்ஜின் கொடுங்கள். சப்போர்ட்ஸுக்குள் ஆஸ்பெக்ட் ரேஷியோவைக் கேட்டு, அங்கே மார்ஜினைப் பூஜ்யமாக்கிக் கேப்பைப் போடுங்கள். அட்டைகளைக் கிரிட்டில் வைக்க முடியுமானால் இந்தச் சுற்றுவழியே தேவையில்லை.

வெண்கட்டி:

ஸ்டைல்ஷீட்டில் எங்கேயாவது ‘ஹேஸ்’ செலக்டர் (தனக்குள் இன்னது உள்ள உறுப்பைத் தேர்வது) இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். காற்புள்ளி போட்டு அதை வேறு செலக்டரோடு சேர்த்திருந்தால், பழைய உலாவியில் அந்த விதி முழுவதும் செல்லாமல் போகும். அதை அறியாத உலாவிக்குப் பட்டியலில் ஒன்று புரியாவிட்டால் மற்றவையும் கிடையாது.

மின்மினி:

இருந்தது. உறுப்பினர் எண்ணைத் தவறாக உள்ளிட்டால் சிவப்புக் கரை வரவேண்டும். இத்தனை நாளாக அந்த டேப்லெட்டுகளில் அது வரவே இல்லை, என் கண்ணில் படவும் இல்லை. இரண்டு விதிகளாகப் பிரித்ததும் வந்துவிட்டது. கேப்பும் சரியாகிவிட்டது. கணிப்பு பற்றிக் கேட்டதற்கு யாராவது வழி சொல்ல முடியுமா?

தறிக்காரன்:

நானும் பலமுறை கணித்துத் தோற்றவன், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பத்திரிகை போலப் பத்தி பிரித்து, ஒரு பெட்டியில் நிரம்பிய எழுத்தை அடுத்த பெட்டிக்குள் ஓடவிடும் ‘ரீஜன்ஸ்’ வந்தபோது, எதிர்காலம் இதுதான் என்று நம்பினேன். அடோபி அதை முன்மொழிந்தது. குரோமின் எஞ்சின் (பக்கத்தை வரையும் உள்மென்பொருள்) 2014இல் அதை நீக்கிவிட்டது. ஒரு பகுதிக்குள் மட்டும் செல்லும் ஸ்டைலுக்கான ‘ஸ்கோப்டு’ ஃபயர்ஃபாக்ஸில் வந்து, பிறகு எடுக்கப்பட்டது. ஆனால் அதன் பின்னால் இருந்த தேவை சாகவில்லை. ‘ஸ்கோப்’ என்ற அட்-விதியாக வேறு உருவில் 2023இல் குரோம் 118இல் திரும்பி வந்தது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஹேஸ் போன்ற ஒன்று, உலாவியின் வேகத்தைக் கொன்றுவிடும் என்று ஆண்டுக்கணக்காக ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. நானும் அது வராது என்று சொன்னவன். 2022 மார்ச்சில் சஃபாரியிலும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் குரோமிலும் வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் வர 2023 டிசம்பர் ஆகிவிட்டது.

எனவே ஒரு வசதி எவ்வளவு அழகு என்பதை நான் இப்போது பார்ப்பதில்லை. குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றின் எஞ்சின்கள் மூன்றும் அதை எழுதத் தொடங்கிவிட்டனவா என்று பார்க்கிறேன். கிரிட்டின் முதல் வடிவம் 2012இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10இல் தனியாக, அந்த உலாவிக்கே உரிய முன்னொட்டோடு வந்தது. அதை நம்பி எழுதியவர்கள் பிறகு மாற்றி எழுத வேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் ஒரே மாதத்தில் புதிய கிரிட்டை வெளியிட்டன. அன்று கணிப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்கவில்லை. உள்ளே உள்ள கிரிட் வெளிக் கிரிட்டின் கட்டங்களையே பின்பற்றும் சப்கிரிட்டை எடுத்துக்கொண்டால், 2019 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸில் வந்தது குரோமை எட்ட 2023 செப்டம்பர் ஆயிற்று. இடைப்பட்ட காலம் முழுக்க, “வரும்” என்றவர்களும் சரி, “இன்னும் பயன்படுத்தாதே” என்றவர்களும் சரி.

2023இல் வந்த ‘பேஸ்லைன்’ என்ற அளவுகோல் இந்த வேலையை எளிதாக்குகிறது. முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் ஒரு வசதி வந்து 30 மாதங்கள் ஆனால் அதைப் பரவலாகக் கிடைப்பது என்று குறிப்பார்கள். ஆனால் உங்கள் டேப்லெட்டுகள் அந்த அளவுகோலுக்கும் அடியில் இருக்கின்றன.

மேலே வருவதைக் கணிப்பதைவிடக் கீழே நின்றுபோனதை அறிவது எளிது. அதற்கு வதந்தி வேண்டாம், தேதிகள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 5க்கு குரோம் 95தான் கடைசி. விண்டோஸ் 7க்கு குரோம் 109 கடைசி. ஐஓஎஸ்ஸில் சஃபாரி இயங்குதளத்தோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுவதால், சாதனம் நின்ற இடத்தில் உலாவியும் நின்றுவிடும். “பழைய உலாவி வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ளட்டும்” என்று சிலர் எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த மூதாட்டி எதைப் புதுப்பிப்பார்? புதுப்பிக்கும் பொத்தானே அந்தச் சாதனத்தில் இல்லை.

நிர்வாகத்திடம் ஐந்தாண்டுத் தோற்றத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். நூலகத்தில் இருக்கும் சாதனங்களின் பட்டியலையும் ஒவ்வொன்றும் எந்தப் பதிப்போடு நின்றுவிட்டது என்பதையும் கொடுங்கள். தேடல் பெட்டி, முடிவுகள், உறுப்பினர் நுழைவு மூன்றும் அந்தக் கடைசிப் பதிப்பில் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். மூலை வளைவதும் நிழல் விழுவதும் யாருக்குக் கிடைத்தாலும் நல்லது, கிடைக்காவிட்டாலும் புத்தகம் கிடைக்கும்.

மின்மினி:

பட்டியலை இன்றே தொடங்கிவிட்டேன். கடைசியாக ஒரு சிக்கல். முகப்புப் பகுதி திரை முழுவதும் நிற்க வேண்டும். குறைந்தபட்ச உயரத்தை முதல் வரியில் 100 விஹெச் (திரையின் முழு உயரம்) என்றும், அடுத்த வரியில் ஒரு மாறியை (மதிப்புக்கு நாம் இடும் பெயரை) கொண்டும் கொடுத்தேன். அந்த மாறியின் மதிப்பு 100 டிவிஹெச் (உலாவியின் பட்டை மறைந்து தோன்றுவதற்கேற்ப மாறும் திரை உயரம்). பழைய உலாவிக்கு டிவிஹெச் தெரியாது, எனவே முதல் வரியைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இரண்டு டேப்லெட்டுகளிலும் முகப்பு சுருங்கிவிடுகிறது.

ஓரக்குறிப்பு:

இதில் நானும் ஒரு முழு நாள் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மாறி உள்ள வரியைப் படிக்கும்போது உலாவி அதற்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்காமலே ஏற்றுக்கொள்கிறது. அந்த நொடியிலேயே உங்கள் முதல் வரி தோற்றுவிடுகிறது. பிறகு மதிப்பைப் போட்டுப் பார்த்து, செல்லாது என்று தெரியும்போது, திரும்பிப் போக முதல் வரி அங்கே இல்லை. உயரம் இயல்பு நிலைக்கு விழுந்துவிடும்.

மாறிக்கு முதலில் 100 விஹெச் கொடுங்கள். பிறகு சப்போர்ட்ஸில் 100 டிவிஹெச் தெரியுமா என்று கேட்டு, அதற்குள் மட்டும் மாறியின் மதிப்பை மாற்றுங்கள். முகப்பில் மாறி உள்ள வரி ஒன்றே போதும்.

மின்மினி:

சரியாகிவிட்டது. மாலையில் நூலகத்துக்குப் போய் இரண்டு டேப்லெட்டுகளிலும் நானே தொட்டுப் பார்த்தேன். தேடல், முடிவுகள், சிவப்புக் கரை, முகப்பு எல்லாம் ஒழுங்காக வருகின்றன. தவறு தளத்தில்தான் இருந்தது, உங்களிடம் இல்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லும்படி நூலகரைக் கேட்டுக்கொண்டேன். தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்க்கிறேன்.