'ஃபார்மர்ஸ் பிரிவிலேஜ்': உழவர் சலுகையா, வேறு சொல்லா?

வணக்கம். புதிய பயிர் ரகங்களை உருவாக்கியவர்களின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை யூபோவ். அதன் 1991 வடிவில், 15(2) பிரிவுக்கு வழங்கும் பெயர் இது. விளைந்ததில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த போகத்துக்கு விதைப்பதைப் பற்றியது. 'உழவர் சலுகை' என்கிறார்கள். சிலர் 'உழவர் உரிமை' என்றே எழுதிவிடுகிறார்கள். வேறு சொல் உண்டா?

மறுமொழி 1

'உரிமை' வேண்டவே வேண்டாம் ஐயா. அது இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. அதன் 39ஆம் பிரிவுப்படி, பதிவான ரகத்தின் விதையையும் உழவர் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பையிலிட்டு ரகப்பெயர் ஒட்டி விற்கத்தான் தடை. யூபோவ் தருவது தன் நிலத்தில் விளைந்ததைத் தன் நிலத்திலேயே விதைக்க மட்டும். அதுவும் அந்தந்த நாடு விரும்பினால்தான். பக்கத்து வயல்காரருக்கு விற்றால் இந்தப் பிரிவு காப்பாற்றாது.

'வைப்பு விதை விலக்கு' எப்படி?

மறுமொழி 2

வைப்பு, சேமிப்பு, விலக்கு... வருமான வரிப் படிவம் மாதிரி இருக்கிறதே! 'மறுவிதைப்பு விலக்கு' என்போம். விற்பனையும் பரிமாற்றமும் இதில் அடங்காது என்பதைச் சொல்லே காட்டிவிடும்.

'சலுகை'யை விட 'விலக்கு' பொருந்தும். யூபோவின் 1978 வடிவில், ரகத்தை உருவாக்கியவருக்குக் கிடைக்கும் ரக உரிமை வணிக நோக்கிலான விதை உற்பத்தியையும் விற்பனையையுமே கட்டுப்படுத்தியது. சொந்த விதைப்பு அதற்கு வெளியே இருந்ததால் விலக்கே தேவைப்படவில்லை. 1991இல் விதைப் பெருக்கம், சுத்திகரிப்பு, இருப்பு வைத்தல் எல்லாம் உரிமைக்குள் வந்தன. விலக்கு பிறந்தது அதனால்தான்.

வணிக ஒப்பந்தச் செய்திகளில் இந்தக் குழப்பம் ஆபத்தானது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸின் 27.3(ஆ) பிரிவு, பயிர் ரகங்களுக்குக் காப்புரிமையோ 'பயனுள்ள தனிவகை முறை'யோ (அதற்கென்றே வகுத்த சட்டமுறை) இருந்தால் போதும் என்கிறது. யூபோவ் பெயரே அதில் இல்லை. இந்தியா தனிச் சட்டம் இயற்ற முடிந்தது அந்த இடைவெளியால்தான். பசிபிக் வட்டார வணிக ஒப்பந்தமான சிபிடிபிபி போன்றவையோ யூபோவின் 1991 வடிவில் சேரச் சொல்கின்றன. அங்கே 'உழவர் உரிமை காக்கப்படும்' என்று மொழிபெயர்த்தால், விதை விற்கும் உரிமை கைநழுவுவது வாசகர் கண்ணில் படாது.

மறுமொழி 3

ஏற்கிறேன். கட்டணத்துக்கும் சொல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 92 டன் தானியம் விளையத் தேவையான பரப்புக்கு மேல் நிலம் உள்ளவர் சேமித்த விதைக்கும் ரக உரிமையாளருக்குப் பணம் கட்ட வேண்டும். அங்கே விலக்கு பொருந்தும் பயிர்களின் பட்டியலில் உருளைக்கிழங்கு உண்டு, தக்காளி கிடையாது. உரிமம் பெற்ற விதை உற்பத்திக்கான தொகையைவிட, சேமித்த விதைக்கான இந்தப் பணம் குறைவாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. 'ராயல்டி' என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'மறுவிதைப்புக் கட்டணம்' சரிவருமா?