ஒரே மழை, இரண்டு அம்மாக்கள்

கோத்தகிரியிலிருந்து, தமிழாசிரியை

நாவலில் வருகிறவர்கள் செய்தது சரியா தப்பா என்று உட்கார்ந்து பேசிப் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். போன நவம்பரில் எடுத்தது ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையையும் சேர்த்துப் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1966-ல் ஆனந்த விகடனில் வந்த கதை அது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் வந்தவன் ஒருவன் ஏற்றிக்கொண்டு போகிறான். அப்புறம் நடந்தது உங்களுக்குப் புரியும். ‘கெட்டுப்போனாள்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அடிக்கிறாள், அழுகிறாள். பக்கத்துக் குடித்தனத்தில் கேட்டதும், மழையில் நனைந்து வந்துவிட்டாள், அதுதான் கோபம் என்று சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதோடு சரி, யாருக்கும் தெரியாது.

அந்த முடிவை ஏற்க முடியாமல் வாசகர்கள் கொதித்தார்கள். அதே மழை இரவில் அம்மா வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் அவர் எழுதியதுதான் நாவல். அதில் அம்மா வாய்விட்டுக் கத்திவிடுகிறாள். விஷயம் வெளியே போகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். நாவலில் அந்தப் பெண்ணின் பெயர் கங்கா. அவளுடைய முழு வாழ்க்கையும் அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான்.

ஒழுக்கத்தைப் பற்றி வகுப்பெடுக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று நினைத்துப் போனேன். ஒரே ஆள், ஒரே இரவு, இரண்டு முடிவு. பலகையில் மூன்று கட்டம் போட்டேன்: என்ன எண்ணத்தில் செய்தாள், என்ன விளைந்தது, செய்யவேண்டிய கடமை என்ன. பிளஸ் டூ பிள்ளைகள் மூன்று பேர் வந்திருந்தார்கள், மளமளவென்று நிரப்பினார்கள். முதல் அம்மா நல்லவள், இரண்டாவது அம்மா சுயநலக்காரி. ஒரு பையன் மட்டும் விடவில்லை. “முதல் அம்மா பொய் சொல்றாங்களே டீச்சர், அது தப்பில்லையா?” என்றான். ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ குறளைச் சொன்னேன். அவன் ‘புரைதீர்ந்த’ என்ற சொல்லில் நின்றுகொண்டான். குற்றமில்லாத நன்மை வந்தால்தானே பொய் வாய்மைக்குச் சமம், அந்தப் பெண்ணை அவ்வளவு அடித்ததில் குற்றமில்லையா என்று கேட்டான். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. குறளை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குகிற வயதில் அந்தச் சொல்லைப் பிடித்து யோசித்திருக்கிறான்!

எங்களோடு ஒரு அக்கா வருவார், தேயிலை பறிக்கிறவர். சிறுவயதில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம், மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவர்கள். கொழுந்துக் கறை விரல் நுனியில் கோடு கோடாக ஊறிப்போயிருக்கும். புத்தகத்தில் கறை ஒட்டிவிடக் கூடாது என்று விரலின் பக்கவாட்டால்தான் தாளைத் திருப்புவார். அதுவரை பேசாமல் இருந்தவர் கேட்டார்:

“டீச்சர், முதல் கதையில அண்ணன்காரன் வீட்டுல இருந்தானா?”

புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்துக் குடித்தனத்தாரிடம் அம்மா சமாளிக்கும்போதே சொல்கிறாள், நல்லவேளை இவள் அண்ணன் இல்லை என்று. எத்தனையோ முறை படித்திருக்கிறேன், அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

“அப்போ அந்தம்மாவுக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் இருந்திருக்கு. எங்க லைன்ல ஒரு வீட்டுல இருமுனா பத்து வீட்டுக்குக் கேக்கும் டீச்சர். அழுறதுன்னாலும் வாயில முந்தானைய வச்சுட்டுத்தான் அழணும். கத்திட்டா கத்துனதுதான், அப்புறம் அள்ள முடியாது. ரெண்டாவது அம்மா கெட்டவ இல்ல. வாயை மூட அவளுக்கு நேரம் கிடைக்கல.”

பலகையைப் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தில் இருந்தது எல்லாம் கங்கா பின்னால் பட்ட பாடு. அது எங்களுக்குத் தெரியும், கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறோம். அந்த ராத்திரி, ஈரத்தோடு மகள் வாசலில் நிற்கும்போது அம்மாவுக்கு அது தெரியாது. நாங்கள் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு மார்க் போட்டிருக்கிறோம். கட்டங்களை அழித்துவிட்டு ஒரே கேள்வி எழுதினேன்: அந்த நிமிடம் அவளுக்கு என்ன தெரியும், பக்கத்தில் யார், எவ்வளவு நேரம்? அதற்குப் பிறகு பேச்சே வேறாகிவிட்டது. இரண்டாவது அம்மா செய்தது சரி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் துரத்தினவனை ஏன் விட்டுவிட்டோம் என்று பிள்ளைகளே கேட்டார்கள். அவனுக்கு நேரம் இருந்தது. மறுநாள் போய்க் கூப்பிட்டிருக்கலாம். அதற்கடுத்த நாளும் இருந்தது.

பண்ணைக்காட்டிலிருந்து

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் அந்த நாவலை வத்தலக்குண்டிலிருந்து மேலே வரும் பஸ்ஸில்தான் படித்து முடித்தேன். என்னைத் தூங்கவிடாதது அம்மா இல்லை, வெங்கு மாமா. துரத்தப்பட்டவளுக்கு இடம் கொடுக்கிறார், படிக்க வைக்கிறார், அவள் வேலைக்குப் போகிறாள். அந்த ஆளே அவள்மேல் ஆசையும் வைக்கிறார்.

என் கல்லூரிப் படிப்புக்குச் சொந்தக்காரர் ஒருவர் பணம் கட்டினார். தப்பாக நடந்ததில்லை. ஆனால் நான் எங்கே வேலைக்குப் போகலாம், யாரோடு பேசலாம் என்று எல்லாவற்றிலும் அவர் வார்த்தைதான். எதிர்த்துப் பேசினால் வீட்டில் உடனே ‘எந்நன்றி கொன்றார்க்கும்’ குறள் வந்துவிடும். கங்கா அந்த மாமாவிடம் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று தோழியிடம் கேட்டேன். அவள் பூம்பாறை, பூண்டு விவசாயக் குடும்பம். “வட்டிக்கு வாங்குனா அசலும் வட்டியும் கட்டுவோம். அதுக்காகக் கொல்லையையே எழுதிக் குடுத்துருவோமா?” என்றாள்.

படிப்புக்கு நன்றி இருக்கட்டும், அது கடன்தான். அதை வைத்து உடம்பையோ வாழ்க்கையையோ கேட்க அவருக்கு உரிமை கிடையாது. இதை நாவலில் வருகிற பெண்ணுக்காக முதலில் யோசித்தேன். என் வீட்டில் சொல்ல அப்புறம் எட்டு மாதம் ஆனது.

கூடலூரிலிருந்து

இருவர் எழுதியதும் மனதைத் தொட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம். கதையில் வருகிறவர்களுக்கு நேரம் கொடுப்பதும் கொடுக்காததும் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. அண்ணனை ஊருக்கு அனுப்பினவரும் அவரே. அப்படியிருக்க அந்த அம்மாவைக் குற்றம் சொல்வதிலும் மன்னிப்பதிலும் என்ன இருக்கிறது? நான் எங்கள் வீட்டில் கேட்டபோது மனைவி சொன்ன பதில்: “எனக்கும் யாரு, எப்போ வீட்டுல இருக்கணும்னு நானா முடிவு பண்றேன்?” மேலே பேச எனக்கு வரவில்லை. வேறு யாருக்காவது பதில் தோன்றினால் எழுதுங்கள்.

மறுபடியும் கோத்தகிரியிலிருந்து

கூடலூர் நண்பருக்கு: உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் என் பதிலும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எழுத்தாளர் ஒரே சூழ்நிலையை இரண்டு விதமாக எழுதிக் காட்டியதால்தான், ஒரு ஆள் வீட்டில் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நம்மால் எடை போட முடிகிறது. நிஜ வாழ்க்கையில் ஒரு இரவு ஒருமுறைதான் வரும்.

அந்த அக்கா நாவலை வீட்டுக்குக் கொண்டுபோனார். மெதுவாகத்தான் படிப்பார், திருப்பித்தர இரண்டு மாதம் ஆனது. ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார். நாவலுக்குள்ளேயே அந்தச் சிறுகதை வருகிறது, அதை அம்மாவும் படிக்கிறாள். தான் செய்யாமல் விட்டதை இன்னொரு அம்மா செய்வதைப் படித்து அழுகிறாள். அந்த இடத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “இந்தம்மா தலையில யாராவது தண்ணி ஊத்துனாங்களா டீச்சர்?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அந்த அத்தியாயத்தை மறுபடி எடுக்கிறோம். துரத்தினவனைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிள்ளைகளும் வருகிறார்கள்.