மூடப்பட்ட நேரோகேஜ் (தண்டவாள இடைவெளி குறுகிய) ரயில் பாதையை மீட்க நிலம் வாங்குவதற்கு ஏன் இத்தனை காலம் ஆகிறது?

தடம்தேடி (கேள்வி):
இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1898-இல் திறக்கப்பட்டு 1935-இல் மூடப்பட்ட லிண்டன் – பார்ன்ஸ்டபிள் ரயில் பாதையைப் பற்றி அண்மையில் படித்தேன். ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை மீட்க ஆர்வலர்கள் 1979-இலேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். ஆயினும் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது 2004-இல்தான். அதுவும் வுடி பே நிலையத்தை ஒட்டி ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கே எட்டியிருக்கிறது. வேல்ஸ் நாட்டில் அதே 597 மில்லிமீட்டர் தண்டவாள இடைவெளி கொண்ட வெல்ஷ் ஹைலேண்ட் பாதையோ, கேர்னார்வனிலிருந்து போர்த்மடாக் வரை 40 கிலோமீட்டரும் மீண்டுவிட்டது. இரண்டும் 1930-களில் மூடப்பட்டவை. இவ்வளவு வேறுபாட்டுக்கு நிலம்தான் காரணமா? அப்படியானால், அரசிடமிருந்து கட்டாயக் கையகப்படுத்தும் அதிகாரத்தைப் பெற்று ஒரே மூச்சில் முடித்துவிட முடியாதா?

பழைய சிக்னல்:
முதன்மைக் காரணம் நிலம்தான். அதிலும், பாதை மூடப்பட்ட பிறகு அந்த நிலம் யார் கைக்குப் போயிற்று என்பதே பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. வெல்ஷ் ஹைலேண்ட் நிறுவனம் கடனில் மூழ்கியது. அதன் கணக்கு வழக்குகள் முறையாக முடிக்கப்படாமல் இழுத்துக்கொண்டே போனதால், போர்க்காலத்தில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்ட பிறகும் பழைய தடம் பெரும்பாலும் துண்டுபடாமல் ஒரே பொறுப்பில் கிடந்தது. அந்த ஒரு சொத்தை யார் பெறுவது என்று ஆர்வலர் குழு ஒன்றுக்கும், அருகிலேயே வேறொரு நேரோகேஜ் பாதையை நடத்திவந்த ஃபெஸ்டினியோக் ரயில் நிறுவனத்துக்கும் இடையே கடும் போட்டி நடந்தது. 1993-இல் பொது விசாரணை நடந்து, மறு ஆண்டு ஃபெஸ்டினியோக் தரப்புக்குச் சாதகமாக முடிவு வந்தது. எஞ்சிய பகுதிக்கான அரசாணை 1999-இல் கிடைத்து, கட்டங்கட்டமாக நீண்ட பாதை 2011-இல் போர்த்மடாக்கை எட்டியது.

லிண்டன் பாதையின் உரிமையாளரான சதர்ன் ரயில்வே நல்ல நிலையில் இருந்த நிறுவனம். மூடியதும் எஞ்சின்களையும் பெட்டிகளையும் ஏலம் விட்டு, தண்டவாளங்களை அகற்றி, நிலத்தையும் துண்டு துண்டாக விற்றுக் கணக்கை நேர்த்தியாக முடித்துவிட்டது. ஒழுங்காக மூடப்பட்ட பாதையை மீட்பதுதான் கடினம் என்பது இத்துறையின் விந்தைகளுள் ஒன்று. வயலின் குறுக்கே ஓடிய தடத்தை வாங்கிய விவசாயி அதை வயலோடு சேர்த்துக்கொண்டார். தலைமுறைகள் கடந்த பிறகு அவருடைய வாரிசுகளிடம் போய் அதைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

வரைபடக்காரர்:
கட்டாய அதிகாரம் குறித்து மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1992-ஆம் ஆண்டின் போக்குவரத்து மற்றும் பணிகள் சட்டத்தின் கீழ் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தனியார் நிலத்தைப் பறிப்பதற்குத் தக்க அளவு வலுவான பொதுநலன் இருக்கிறது என்பதையும், திட்டத்தை முடிக்கப் பணம் இருக்கிறது அல்லது உரிய காலத்தில் கிடைக்கும் என்பதையும், பேச்சுவார்த்தையின் மூலம் வாங்க உண்மையாகவே முயன்றதையும் காட்டியாக வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான ரயிலுக்கு முதல் நிபந்தனையே பெருந்தடை. அண்மைய விதிவிலக்கு ராதர் வேலி ரயில்வே. அது நேரோகேஜ் அன்று என்றாலும் சிக்கல் இதே சிக்கல்தான்: போடியத்துக்கும் ராபர்ட்ஸ்பிரிட்ஜுக்கும் இடையே சில கிலோமீட்டர் இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது, நில உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2021-இல் பொது விசாரணை நடந்து, 2023-இல்தான் கையகப்படுத்தும் அதிகாரத்துடன் ஆணை வந்தது. எதிர்ப்பவர்களின் வழக்கறிஞர்களை எதிர்கொள்ளும் செலவையும் விண்ணப்பதாரரே தாங்க வேண்டும் என்பதால், என் பார்வையில் இது இறுதி வழியே தவிர முதல் வழி அன்று.

வேறொரு நெருக்கடியும் உண்டு. லிண்டன் பாதையை நீட்டிக்க எக்ஸ்மூர் தேசியப் பூங்கா ஆணையம் 2018-இல் திட்ட அனுமதி வழங்கியது. பணி தொடங்கப்படாமலே 2023-இல் அது காலாவதியானது. அனுமதிக்குக் கெடு உண்டு. விற்க விரும்பாத உரிமையாளருக்குக் கெடு எதுவும் இல்லை.

தடம்தேடி:
மிக்க நன்றி. விற்க மறுப்பவரின் நிலத்தைச் சுற்றிக்கொண்டு போக இயலாதா?

பழைய சிக்னல்:
நேரோகேஜில் அதற்கு வாய்ப்பு அதிகம். கூர்மையான வளைவுகளை அது தாங்கும். ஃபெஸ்டினியோக் பாதையின் ஒரு பகுதி நீர்மின் நிலையத்தின் நீர்த்தேக்கத்தில் மூழ்கியபோது, 1965 முதல் 1978 வரை உழைத்து, தன்னையே மேலேறிக் கடக்கும் ஒரு சுற்றுடன் நான்கு கிலோமீட்டர் மாற்றுப் பாதையை அமைத்தார்கள். அந்தப் பாதையின் மறுமுனையான பிளேனவ் நகரை ரயில் 1982-இல் அடைந்தது. லிண்டன் பாதையிலும் விஸ்ட்லண்ட்பவுண்ட் நீர்த்தேக்கம் பழைய தடத்தின் மேலேயே நிற்பதால் அங்கே விலகித்தான் போக வேண்டும். ஆனால் விலகும் ஒவ்வொரு இடத்திலும் புதிய உரிமையாளர் ஒருவர் இருப்பார். மண்மேடு, நிலத்தை வெட்டி அமைக்கும் வழி, பாலம் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

வரைபடக்காரர்:
அதனால்தான் அனுபவமுள்ள சங்கங்கள், விற்பனைக்கு வரும் எந்தத் துண்டையும், அது தொடர்பில்லாமல் தனித்துக் கிடந்தாலும், வாங்கி வைத்துக்கொள்கின்றன. விற்க மனமில்லாதவரிடம், எதிர்காலத்தில் விற்பதாக இருந்தால் முதலில் தங்களுக்கே தர வேண்டும் என்று எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். கால்நடைகள் கடக்கச் சுரங்கவழி கட்டித் தருவதாகவோ, வேறு நிலத்தை மாற்றாகத் தருவதாகவோ பேசலாம். குத்தகையை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. தண்டவாளம் போட்ட பிறகு குத்தகைக் காலம் முடிந்தால், நடுவில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் கேட்கும் தொகையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இராது.