மறு: முதுகெலும்பில் ‘தேய்மானம்’: இது சரியான சொல்தானா?

வணக்கம் டாக்டர்,

> வயதாக ஆக இடுப்பு முதுகெலும்பில் வருவதை ஊரே தேய்மானம் என்கிறது. அதையே கலைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாமே.

வைக்கலாம்தான். ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தேய்மானம் என்று சொல்லும் இடத்தில் பல நேரம் எலும்பு வளர்ந்தல்லவா இருக்கிறது! முள்ளெலும்பின் ஓரத்தில் கொக்கி மாதிரி நீண்டிருக்கும் ஆஸ்டியோஃபைட்டைத்தான் சொல்கிறேன். வளர்வதற்குத் தேய்வு என்று பெயர் வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

தொடக்கம் வட்டில், அதாவது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கில். வெளியே நார் வளையம், உள்ளே கூழ். இளவயதில் அந்தக் கூழில் 80 விழுக்காட்டுக்கு மேல் நீர். அதைப் பிடித்து வைத்திருக்கும் புரோட்டியோகிளைகான்கள் குறையக் குறையக் கூழ் வற்றுகிறது. வளர்ந்தவர்களின் வட்டுக்குள் ரத்தக்குழாய் அநேகமாகக் கிடையாது. மேலும் கீழும் உள்ள குருத்தெலும்புத் தகடு வழியாகக் கசிந்து வருவதுதான் சாப்பாடு. ஆகவே பழுதானால் தானாகச் சரியாவதும் அரிது. வற்றிய வட்டு உயரம் குறைகிறது, நார் வளையம் கிழிகிறது, சுமை பின்னால் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் சின்ன ஃபேசட் மூட்டுகளில் இறங்குகிறது. நிஜமாகவே தேய்வது அங்கேதான். அப்புறம் எலும்பு முளைகள், தடித்துப்போன இணைப்புநார், நரம்புக்கு இடநெருக்கடி. பெரும்பாலும் கடைசி இரண்டு வட்டுகளில்தான் இந்தக் கூத்தெல்லாம்.

‘வட்டு வற்றல்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். சுண்டைக்காய் ஞாபகம் வந்ததால் அடித்துவிட்டேன். ‘வட்டு நலிவு’ எப்படி?

---

நண்பரே,

மாணவருக்குச் சரி. என்னிடம் வருபவர் “ஜவ்வு விலகிடுச்சா டாக்டர்?” என்று கேட்கிறவர். ‘சிதைவு’ என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். ‘நலிவு’ அந்த அளவு மோசமில்லை. ஆனாலும் நோய்ப்பெயராகத்தான் காதில் விழுகிறது. 2015-ல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில், முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேனைப் பார்த்திருக்கிறார்கள். 80 வயதில் 96 விழுக்காட்டினருக்கு வட்டு இப்படி நலிந்திருந்தது. தலைமுடி நரைப்பதை நோய் என்போமா? ‘வட்டு முதிர்வு’ என்று வையுங்கள்.

---

டாக்டர்,

அதே ஆய்வில் 20 வயதில் 37 விழுக்காடு வருகிறதே! கல்லூரி போகிற பையனிடம் முதிர்வு என்று சொன்னால் உங்களை விட்டு வேறு டாக்டரிடம் போய்விடுவான். தவிர, முதிர்வு என்றால் பழுத்துத் தேறுவது என்ற பொருளும் உண்டு. வைப்புநிதிக்குப் பொருந்தும், வட்டுக்குப் பொருந்தாது.

வட்டு நலிவு என்றே கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன். பக்கத்திலேயே ‘வழக்கில்: ஜவ்வு தேய்மானம்’ என்றும் போட்டுவிடுகிறேன், நோயாளியிடம் நீங்கள் அதையே சொல்லுங்கள். ஆஸ்டியோஃபைட்டுக்கு எலும்பு முளை.

ஃபேசட்தான் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. சிறுமூட்டு என்றால் விரல் மூட்டு என்று நினைத்துவிடுவார்கள். யாருக்காவது வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.