குளத்தங்கரையில் வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது

தக்கலைப் பக்கத்திலிருந்து

எங்கள் ஊர்க் குளத்தையும் அதை ஒட்டிக் கிடக்கும் புறம்போக்கையும் சீரமைக்கப் போகிறோம், மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. நடந்ததை எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி நடந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள். எங்களுக்கு உதவும், வேலை இன்னும் தொடங்கவில்லை.

முதலில் எங்கள் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் தெரு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனியாக இருக்கும். நாலு தென்னை, கொஞ்சம் மரச்சீனி (மரவள்ளி), வாழை, பின்னால் ரப்பர். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கவே ஒரு ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஏற வேண்டும். அதனால் எல்லாரும் கூடுகிற இடங்கள் மிகக் குறைவு: குளத்தங்கரை, பாசனக் கால்வாயான சானலின் கரை, பஸ் நிற்கும் முக்கு, கோயில் முற்றம், பள்ளிக்கூட மைதானம். அதில் ஒன்றைத் தொட்டாலும் ஊரின் பாதி வாழ்க்கையைத் தொட்ட மாதிரி.

கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, சமூக நலக்கூடத்தில். வந்தவர்கள் 27 பேர், அதில் பெண்கள் 4. ஊரில் ஆர்வம் இல்லை என்று மேடையில் இருந்த ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே போய், வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடிக்கவே அந்நேரம் ஆகிவிடும். அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகும் பெண்கள் காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். குளத்தை அன்றாடம் பயன்படுத்துகிற இந்த இரண்டு கூட்டமும் வரவே முடியாத நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு ஆர்வம் இல்லை என்றால் எப்படி?

திட்டத்தைச் சுவரில் படமாகக் காட்டினார்கள். சுற்றிலும் கம்பிவேலி, கரைமேல் பேவர் பிளாக் நடைபாதை, சிமெண்ட் பெஞ்சுகள், நடுவில் ஒரு ஹைமாஸ் விளக்கு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கைதட்டினோம், நானும்தான். குளம் யாருடைய பொறுப்பு என்ற கேள்வியிலேயே அரை மணி நேரம் போயிற்று. ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று ஒருவர் விளக்கிய பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

வெளியே வரும்போது எங்கள் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற டீச்சர் சொன்னார்: “குளத்துக்கு வாறவங்க யாரையும் உள்ளே காணேல்ல. நாம அங்க போவோம்.”

அப்படித்தான் வாசகசாலைப் பிள்ளைகள் நாலு பேரும் டீச்சரும் நானும் ஒரு நோட்டோடு மூன்று நாள் குளத்தங்கரையில் இருந்தோம். காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை, அப்புறம் மாலை ஐந்து முதல் எட்டு வரை. முதல் நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. ஏதோ கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் டீச்சர் தானும் இரண்டு சேலையைக் கொண்டுவந்து துவைக்க உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது.

தென்கரைப் படித்துறை பெண்களுக்கானது. அங்கே துவைகல் இரண்டு கிடக்கிறது. ஒன்று நடுவில் குழிந்து, பல வருடச் சோப்பில் வெளுத்துப்போய் இருக்கும். அந்தக் கல்லில் துணியை அடித்துக்கொண்டே ஒரு அக்கா கேட்டார்: “வேலி போட்டா வாசல் எங்க வைப்பிய?”

படத்தை எடுத்துப் பார்த்தேன். வாசல் ஒன்றே ஒன்று, வடக்கே ரோட்டுப் பக்கம். பெண்கள் வருவது தெற்கே, விளைகளுக்கு நடுவே வரும் ஒற்றையடிப் பாதையில். வேலி வந்தால் அவர்கள் ரோட்டைச் சுற்றிவந்து, குளித்து முடித்து, ஈர உடுப்போடு, நனைந்த துணி மூட்டையோடு டீக்கடை முன்னால் நடந்து போக வேண்டும். 27 பேர் பார்த்த படம் அது. எங்கள் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை.

மாலை ஏழு மணிக்கு அண்டி ஆபீஸிலிருந்து வந்த பெண்கள் குளிக்க இறங்கினார்கள். பிள்ளைகளும் நானும் தள்ளி முக்கில் போய் நின்றுகொண்டோம், டீச்சர் மட்டும் போனார். திரும்பி வந்து சொன்னது என்னை உலுக்கிவிட்டது. ஹைமாஸ் வேண்டாம் என்கிறார்கள். அண்டிக் கறையும் தூசியுமாக வருகிற உடம்பை இருட்டில்தான் அவர்கள் நிம்மதியாகக் கழுவுகிறார்கள். ஊருக்கே தெரிகிற மாதிரி மேலேயிருந்து வெளிச்சம் அடித்தால் அதோடு அந்தக் குளிப்பு நின்றுபோகும். வெளிச்சம் வேண்டியது பாதையில், பாம்பு கிடக்கும் இடத்தில். முழங்கால் உயரத்தில் நாலு விளக்கு போதும் என்றார்களாம்.

பேவர் பிளாக்கைப் பற்றி ஒரு பாட்டா (தாத்தா) சொன்னதையும் எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. நிழல் விழும் கரையில் கல் பதித்தால் பாதி வருடம் பாசி பிடித்துக் கிடக்கும், வயசானவன் நடக்க முடியாது, செம்மண்ணும் ஜல்லியும் போட்டு இறுக்கினால் போதும் என்றார். இன்னொன்றும் சொன்னார். பேச்சிப்பாறை அணையிலிருந்து வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள். சானலில் தண்ணீர் வந்துவிட்டால் குளத்துக்குள் வேலை நடக்காது. மார்ச்சிலிருந்து மே வரைதான் காலம். அதற்குள் பேசி முடிக்காவிட்டால் கடைசி நேரத்தில் அவசர அவசரமாக ஏதோ ஒன்றைக் கட்டிவிட்டுப் போவார்கள்.

கருங்கல் பக்கத்திலிருந்து

படித்ததும் எங்கள் முக்கு நினைவுக்கு வந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை கட்டும் பேச்சு வந்தபோது, இடம் போதாது, பழைய சுமைதாங்கிக் கல்லை எடுத்துவிடலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். இந்தக் காலத்தில் யார் தலைச்சுமை சுமக்கிறார்கள் என்றுதான் நானும் கேட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கிறேன். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் தலையில் பெரிய அலுமினியப் பாத்திரத்தோடு வந்தார். நேரே அந்தக் கல்லுக்குப் போனார், முதுகைத் திருப்பினார், கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தார். பாத்திரம் கல்லின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர் குடித்தார், சும்மாட்டை உதறி மறுபடி சுற்றி வைத்தார், அதே மாதிரி திரும்பி நின்று தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே. அவ்வளவுதான். பிள்ளைப்பேறுக்கு முன் வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது நம் பக்கத்து வழக்கம். சுமக்கிறவளின் தோளுக்குச் சமமாக நிற்கிறது. நாங்கள் கட்டவிருந்த பெஞ்சு முழங்கால் உயரம். அதில் இறக்கி வைத்தால் திரும்பத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும், காலை ஆறு மணிக்கு அந்த முக்கில் ஆள் இருக்காது.

அடுத்த கூட்டத்துக்கு அவரையே அழைத்தேன். “மக்களே, எனக்கு யாவாரம் கெட்டுப்போகும்” என்று வர மறுத்தார். சரி, கூட்டத்தை நாங்கள் முக்குக்குக் கொண்டுவந்தோம். அவர் சுமையை இறக்கும் நேரத்தில், அங்கேயே நின்றபடி பத்து நிமிடம். நிழற்குடை ஆறடி தள்ளிப் போனது. கல் நிற்கிறது.

தோவாளை வட்டத்திலிருந்து

இங்கே நாஞ்சில் நாட்டில் நெருக்கமான தெருக்கள். ஒரு குரல் கொடுத்தால் ஆள் கூடிவிடும். ஆனால் பேசுவது அதே ஐந்து அண்ணாச்சிகள்தான். பெண்கள் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை எங்கள் மகளிர் குழு அக்கா ஒருவர் கோலப்பொடியை எடுத்து, கோயில் முன்னால் தரையில் ஊரை வரையச் சொன்னார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் வரைந்ததில் மைதானம், டீக்கடை, பஸ் நிறுத்தம், குளம். பெண்கள் வரைந்ததில் குழாய், ரேஷன் கடை, அங்கன்வாடி, பிறகு காவிப்பொடியில் மூன்று வட்டம். என்ன அது என்றால், பொழுது போனபின் தனியாகக் கடக்கப் பயப்படும் இடங்கள். அதில் ஒன்று என் வீட்டுத் திருப்பம். நாற்பது வருடமாக அங்கே இருக்கிறேன், என் மகளும் அந்த வட்டத்தைப் போட்டவர்களில் ஒருத்தி. எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒரு பேரூராட்சியிலிருந்து

தக்கலைக்காரருக்கு ஒரு யோசனை. நீங்கள் ஊராட்சி என்றால் உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை இருந்தால் 200 பேர் வர வேண்டும். குளத்தங்கரையில் கேட்டதை எல்லாம் அங்கே தீர்மானமாக எழுத வையுங்கள். நோட்டில் இருந்தால் அது உங்கள் நோட்டோடு போகும்.

எங்கள் ஊரும் ரப்பரும் வாழையும்தான், ஆனால் பெயர் பேரூராட்சி, கிராம சபை கிடையாது. வார்டு அளவில் பகுதி சபை என்று வந்திருக்கிறது. அதில் நான் பட்டது: கூட்டம் முடியுமுன்னே கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. மேலே தீர்மானம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. நான் போட மாட்டேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர் “சும்மா போடும் பிள்ளே” என்றார். போடவில்லை. என்னைப் பார்த்து இன்னும் மூன்று பேர் நோட்டைத் தள்ளி வைத்தார்கள். கடைசியில் எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகுதான் போட்டோம். கொஞ்சம் முகம் கசந்தது, அதனால் என்ன. நீங்களும் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

மேல்புறம் பக்கத்திலிருந்து

எனக்குச் சொல்ல ஒரு கிணறு இருக்கிறது. எங்கள் வார்டில் பழைய பொதுக்கிணறு ஒன்று, குழாய் வந்தபின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள் செடி முளைத்து, பிளாஸ்டிக் விழுந்து கிடந்தது. மூடிவிட்டு வண்டி நிறுத்த இடம் செய்யலாம் என்று பேச்சு. அது நடக்குமுன் 2017 நவம்பர் 30 வந்தது.

ஒக்கி புயல் அடித்ததை நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டாம். எங்கள் ரப்பர் முழுக்கச் சாய்ந்தது, மின்கம்பம் வரிசையாக விழுந்தது. பல நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது, டேங்கில் தண்ணீர் ஏறாது. மூன்றாம் நாள் என் மாமி ஒரு கயிறும் வாளியும் எடுத்துக்கொண்டு அந்தக் கிணற்றடிக்குப் போனார். இறைக்க இறைக்கக் கலங்கல் போய்த் தெளிந்தது. அன்று மாலைக்குள் சுற்று வட்டாரமே அங்கே நின்றது. பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே கயிற்றில் மாறி மாறி இறைத்தன, அதைக் கண்ணால் பார்த்தேன்.

பிற்பாடு கூட்டத்தில் வண்டி நிறுத்தப் பேச்சு மறுபடி வந்தது. மாமி எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்: “அடுத்த காற்றுக்கு வெள்ளத்துக்கு (தண்ணீருக்கு) எங்க போவிய?” யாரும் பதில் சொல்லவில்லை. கிணற்றுக்கு வலை போட்டு, கைப்பிடிச் சுவர் உயர்த்தி, ராட்டு மாட்டியிருக்கிறது. கயிறு மாமி வீட்டில் இருக்கிறது.

தக்கலைப் பக்கத்திலிருந்து

எல்லாருக்கும் நன்றி. நேற்று எங்கள் இரண்டாம் கூட்டம் நடந்தது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் கேட்டு வாங்கினோம். காலையில் வைத்தால் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வர முடியாது, இருட்டினால் பெண்கள் வர முடியாது. தென்கரையிலேயே, பூவரசு நிழலில். எண்ணினேன், 140 பேர் இருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள்.

வேலி ரோட்டுப் பக்கம் மட்டும் என்று ஆயிற்று. தெற்கே திறந்தே இருக்கும். ஹைமாஸ் முக்குக்குப் போகிறது, பாதைக்குச் சிறு விளக்குகள். துவைகல்லை அசைக்கக் கூடாது என்று அந்த அக்காவே எழுந்து சொல்லி எழுத வைத்தார். எழுதியதை வாசிக்கச் சொன்னோம், வாசித்தார்கள். பேவர் பிளாக்கில் மட்டும் தோற்றோம். மதிப்பீட்டில் ஏறிவிட்டது, மாற்ற முடியாது என்கிறார்கள். கரையின் நிழல் விழும் பகுதியையாவது விட்டுவிடச் சொல்லிக் கிராம சபையில் கேட்கப் போகிறோம். பாட்டா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிணறு பற்றி எழுதியவருக்கு: எங்கள் குளத்தின் வடமேற்கு மூலையிலும் பலகை போட்டு மூடிய ஒரு கிணறு உண்டு. சின்ன வயதில் அதில் தண்ணீர் குடித்திருக்கிறேன். திட்டப் படத்தில் அது இல்லை, அந்த இடத்தில் ஒரு பெஞ்சு வரைந்திருக்கிறார்கள். நாளைக் காலை டீச்சரும் நானும் கயிறும் வாளியும் எடுத்துக்கொண்டு போகிறோம்.