கிராம்பிளிங்கில் கேட்ட மணியின் கதை

லூசியானா மாநிலத்தின் ரஸ்டன் நகரில் மேற்படிப்புப் படித்த நாட்களில், பக்கத்து ஊரான கிராம்பிளிங்கின் பல்கலைக்கழக வளாகத்தில் எடி ராபின்சன் நினைவாக அமைந்துள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு காலையில் சென்றிருந்தேன். அமெரிக்கக் கால்பந்தின் விதிகள்கூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரே கல்லூரியில் 1941 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்து 408 ஆட்டங்களில் வென்றவர் என்ற செய்திதான் என்னை அங்கே இழுத்துச் சென்றது.

இளமையில் அவரிடம் ஆடிய முதியவர் ஒருவர் அன்று அங்கே வந்திருந்தார். நான் வெளிநாட்டு மாணவன் என்று அறிந்ததும், கேட்காமலே தம் ஆசானைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பருத்தி நிலத்தில் குத்தகைக்கு உழைத்த தந்தைக்கும் வீட்டு வேலை செய்த தாய்க்கும் 1919-இல் பிறந்த ராபின்சன், லீலண்ட் கல்லூரி அணியில் குவாட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் ஆட்டக்காரராக, ஆடியவர். படிப்பு முடிந்ததும், கறுப்பினத்தவருக்குப் பயிற்சியாளர் வேலை கிடைப்பது அரிதாக இருந்ததால், தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தார். கிராம்பிளிங் அவரை அழைத்தபோது அவருக்கு வயது 22. மைதானத்தின் புல்லை வெட்டுவதும் கோடு போடுவதும், ஆட்டச் செய்தியைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவதும்கூட அவர் வேலையாகவே இருந்தன. மறு ஆண்டே, 1942-இல், அவருடைய அணி ஒன்பது ஆட்டங்களிலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் வென்றது.

வெளியூர்ப் பயணங்களைப் பற்றிப் பேசும்போது முதியவரின் குரல் தணிந்தது. கறுப்பினத்தவர் என்பதால் வழியில் எந்த உணவகமும் அவர்களை உள்ளே விடாது; ஆகவே, ரொட்டிக்குள் இறைச்சி வைத்துக் கட்டிக்கொண்டு பேருந்திலேயே உண்டார்களாம். அத்தகைய சாலைகளில் சென்று வந்த மாணவர்களுள் இருநூறுக்கும் மேற்பட்டோர் பின்னாளில் தொழில்முறை அணிகளில் ஆடினர். அவர்களில் ஒருவரான டக் வில்லியம்ஸ், 1988 ஜனவரியில், தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் ஆனார். ராபின்சன் ஓய்வு பெற்றபின் கிராம்பிளிங் அணிக்கு வில்லியம்ஸே பயிற்சியாளராகவும் வந்தார். என் கணக்கில், 408 என்ற எண்ணைவிட இதுவே பெரிய சாதனை.

ஆனால் முதியவர் அதிக நேரம் பேசியது ஒரு மணியைப் பற்றித்தான். மாட்டின் கழுத்தில் கட்டும் அந்த மணியை அடித்துக்கொண்டு, விடியற்காலையில் விடுதியின் நடைவழிகளில் ராபின்சன் நடந்து வருவாராம். பயிற்சிக்காக அல்ல, வகுப்புக்கு எழுப்புவதற்காக. மாலையில் எங்கள் ஊரில் மாடு வீடு திரும்பும்போது கேட்கும் ஓசை எனக்கு நினைவுக்கு வந்தது. நேற்றைய ஆட்டத்தில் எத்தனை அடி வாங்கியிருந்தாலும் அந்த மணிக்குப் பிறகு ஒருவரும் படுக்கையில் இருக்கத் துணியமாட்டார்கள் என்று சொல்லும்போது, எழுபது கடந்த அந்த மனிதரின் முகத்தில் மாணவனின் அச்சமும் பெருமிதமும் ஒருங்கே தெரிந்தன.

விடைபெறும்போது, எனக்கு அன்று வகுப்பு உண்டா என்று கேட்டார். பதினொரு மணிக்கு இருக்கிறது என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவர், நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் என் தோளில் கைவைத்து வாசல் வரை நடத்திக்கொண்டு வந்து விட்டார்.